தினம் ஐம்பது தடவை

சீதாவுக்கு மூன்றாவது பிள்ளை பிறந்து மூன்று மாதம் ஆகியும் ஆளாளுக்கு அவளைப் பிடித்து, "எத்தனை மாசம்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். கேட்டவர்கள் மேல் தப்பில்லை. வயிறு அப்படித்தான் முன்னால் நின்றது. பிரிஞ்சாங் சந்தையில் காய்கறி விற்கிற சீனக் கிழவிகூட, "லாகி சாத்து?" என்று ஒற்றை விரலைக் காட்டிச் சிரித்தாள். இன்னும் ஒன்றா என்று அர்த்தம். நெஞ்சில் துணி போட்டுக் கட்டியிருந்த பிள்ளை அப்போதுதான் பால் குடித்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தது. சீதா கீரைக்கட்டைப் புரட்டிப் பார்த்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கிழவி மேல் இல்லை, சீதா மேல்.

ஏன் சீதா மேல் என்று கேட்டால், அந்த வயிற்றை உள்ளே தள்ளுகிற பொறுப்பை நான் ஏற்றிருந்தேன். அவள் என் பேரைக் கெடுக்கிறாள் என்று நினைத்தேன்.

நானும் சீதாவும் தேயிலைத் தோட்டத்தின் மேல் டிவிஷனில் ஒரே லயத்தில், ஒரே கூரையின் கீழ் அடுத்தடுத்த வீட்டுக்காரிகள். எண்பத்து நாலாம் வருடம் அது. இருவருக்கும் ஒரே கும்பலில் வேலை. நாங்கள் எட்டுப் பெண்கள், எங்கள் மேல் காளியண்ணன் கங்காணி. கையால் கிள்ளுகிற காலம் எங்கள் தோட்டத்தில் போய்விட்டது. எல்லாருக்கும் கத்திரிதான். கத்திரியின் ஒரு பக்கம் தட்டு இருக்கும். வெட்டின கொழுந்து அதில் சேரும். நாலு வெட்டுக்கு ஒரு தரம் இடுப்பைத் திருப்பி, தட்டைத் தூக்கி, முதுகில் இருக்கும் கூடைக்குள் கவிழ்க்க வேண்டும். பார்ப்பதற்குச் சுலபமாகத் தெரியும். காலையிலிருந்து எத்தனை தரம் அந்த இடுப்பு திரும்புகிறது என்று வீட்டுக்குப் போய்ப் படுத்தால் தெரியும். அதுவும் ஏற்றத்தில் நின்றுகொண்டு.

இந்த வேலையில் சீதாவை மிஞ்ச ஆள் கிடையாது. தட்டை அவள் வீசுகிற வீச்சில் ஓர் இலை வெளியே விழாது. இதை நானே ஒத்துக்கொள்கிறேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள், எனக்கு அடுத்தவளை மெச்சுகிற பழக்கம் இல்லை.

பிள்ளை பெற்று அறுபது நாள் லீவு முடிந்து அவள் வேலைக்கு வந்த முதல் நாளே விஷயம் வெளுத்துவிட்டது. பத்து மணிக்குள் நாங்கள் ஏழு பேரும் பாதி ஏற்றம் ஏறிவிட்டோம். கீழே சீதா ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். தட்டைத் தூக்கித் திருப்பினால் பாதி கூடையில் விழுகிறது, பாதி தரையில். அவள் வரிசை மட்டும் முடி வெட்டாத தலை மாதிரி கிடந்தது. இரண்டாம் நாளும் அதே கதி. அந்த வாரக் கடைசியில் கங்காணி என்னைக் கூப்பிட்டு, இது சரிப்படாது, அவளை மருந்து கும்பலுக்கு மாற்றிவிடுகிறேன் என்றார்.

மருந்து கும்பல் என்றால் புல்லுக்கு விஷம் அடிக்கிறவர்கள். முதுகில் பம்பு, கையில் குழாய், உடம்பெல்லாம் அந்த நாற்றம். சீதா அன்று மாலை என் வீட்டு அடுப்படியில் வந்து உட்கார்ந்தாள். அவள் புருஷன் தங்கராஜு கியா பார்மிலிருந்து கோலாலம்பூருக்குக் காய்கறி ஏற்றிப் போகிற லோரியில் வேலை செய்கிறவன். வாரத்தில் இரண்டு நாள் வீட்டில் இருந்தால் அதிகம். அவனிடம் சொல்லிப் பயனில்லை.

"எந்த வேலையும் செய்றேன்க்கா. அந்த மருந்து மட்டும் வேணாம். எத்தன தரம் கைய கழுவுனாலும் அந்த வாட போகாது. அந்தக் கையோட எப்படிப் புள்ளைக்குப் பால் குடுக்கிறது?"

நான் மறுநாளே கங்காணியிடம் போய் ஒரு மாதம் தவணை கேட்டேன். அவள் வயிற்றைச் சரியாக்கி, பழைய சீதாவாகக் கொண்டுவந்து நிறுத்துவது என் பொறுப்பு என்றேன். அவர் சிரித்தார், ஆனால் ஒத்துக்கொண்டார். ஒரு மாதம் அவளுடைய வரிசையில் மிஞ்சுவதை நானும் சேர்த்து வெட்டுவதாகப் பேச்சு.

எனக்கு அவ்வளவு நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று இப்போது யோசித்தால் வெட்கமாக இருக்கிறது. நான் தானா ராத்தா டவுனில் மூன்றாம் பாரம் வரை படித்தவள். பள்ளிக்கூடத்தில் ஓட்டக்காரி. விளையாட்டு வாத்தியார் எங்களை வரிசையாகப் புல்லில் படுக்கவைத்து, காலை ஒருத்தி பிடித்துக்கொள்ள, கையைத் தலைக்குப் பின்னால் கோத்து எழுந்து எழுந்து படுக்கச் சொல்வார். சிட் அப். என் இரண்டாவது பிள்ளைக்குப் பிறகு அதைத்தான் தினம் முப்பது செய்தேன். இரண்டு மாதத்தில் வயிறு ஒட்டிப்போனது. அதிலிருந்து லயத்தில் யாருக்குப் பிள்ளை பிறந்தாலும் நான் போய் என் வயிற்றைத் தட்டிக் காட்டாமல் வந்ததில்லை. உன் வயிறு சும்மா இருந்திருந்தாலும் உள்ளே போயிருக்கும் நாகரத்தினம், அது உன் அதிர்ஷ்டம் என்று அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன்.

சீதாவின் மாமியார் இராசம்மாவுக்கு வேறு வைத்தியம். பழைய வேட்டியை நாலாக மடித்து, மருமகளைச் சுவரோரம் நிற்கவைத்து, முழங்காலை முட்டுக் கொடுத்து இழுத்துக் கட்டுவாள். சீதா மூச்சு விடுவதற்குத் தோளைத் தூக்க வேண்டியிருக்கும். பச்சை உடம்பை மடக்கவும் கூடாது, நிமிர்த்தவும் கூடாது, கட்டு ஒன்றே போதும் என்பது அவள் கட்சி. நான் அந்தக் கட்டை அவிழ்த்தெறி என்பேன். நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால், அவள் பிடித்ததற்கும் மூன்றே கால். ஆளுக்கொரு பக்கம் நின்று அந்த வயிற்றை இழுத்தோம். வயிற்றுக்குச் சொந்தக்காரியை ஒருத்தியும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை இராசம்மா கோயிலுக்குப் போன நேரம், சீதாவை என் வீட்டில் பாயில் படுக்கவைத்தேன். அவள் பாதத்தின் மேல் உட்கார்ந்துகொண்டு எழுந்திரு என்றேன். முதல் தடவை தலையைத் தூக்கினதோடு நின்றுவிட்டாள். அதட்டினேன். எழுந்தாள். அவள் எழுகிறபோது வயிற்றின் நடுவில், மேலிருந்து தொப்புளுக்குக் கீழே வரை, ஒரு நீளமான மேடு புடைத்துக்கொண்டு வந்தது. பங்காளி ரொட்டி என்கிற பெரிய ரொட்டி மேலே உப்பி வெடித்திருக்குமே, அந்த மாதிரி. படுத்ததும் அது அமுங்கிப்போனது. நான் சந்தோஷப்பட்டேன். சதை இறுகுகிறது, முதல் நாளே பார் என்று அவள் கையை எடுத்து அந்த மேட்டில் வைத்துக் காட்டினேன்.

நடுவில் இழுத்துப் பிடிக்கிறது, முதுகு விட்டுப்போகிற மாதிரி வலிக்கிறது என்றாள். வலிக்காமல் எதுவும் கிடைக்காது என்றேன். இருபதில் ஆரம்பித்து வாரத்துக்குப் பத்தாகக் கூட்டு, ஐம்பது வரை போ, ஒரு நாள்கூட விடாதே என்று சொல்லி அனுப்பினேன்.

மாமியார் கண்ணில் படாமல் எங்கே செய்வது என்று கேட்டாள். குளிக்கிற இடத்தில் செய் என்றேன். லயத்துக்குப் பின்னால் தகரம் அடைத்த சிமெண்டுத் தரை. எங்கள் மலையில் அந்தத் தரையில் வெறுங்காலை வைத்தாலே குளிர் மண்டைக்கு ஏறும். அதில் படு என்று எவ்வளவு சுலபமாகச் சொன்னேன் பாருங்கள்.

அதற்குப் பிறகு தினம் மாலை நான் கேட்கிற கேள்வி ஒன்றுதான். செய்தாயா? செய்தேன் அக்கா. எத்தனை? நீங்க சொன்னது. அவ்வளவுதான் பேச்சு.

ஆனால் வயிறு இறங்கவில்லை. முதல் வாரம் பொறுத்தேன். இரண்டாம் வாரம் அவள் சோற்றுத் தட்டைக் கவனித்தேன். மூன்றாம் வாரம் குளிக்கிற இடத்துக்கு வெளியே நின்று காது கொடுத்துக் கேட்டேன், தண்ணீர் விழுகிற சத்தம் மட்டும்தான் வந்தது. வயிறோ முன்னைவிடத் தள்ளிக்கொண்டு நின்றது. தோட்ட வேலையில் அவள் முன்னைவிட மோசம். குனிந்தால் நிமிர்வதற்கு ஒரு கை எதையாவது பிடிக்க வேண்டும். அவள் மிச்சம் வைத்ததை வெட்டி வெட்டி என் தோள் இரண்டும் கழன்றுவிட்டன. எனக்கு வந்த எரிச்சலைச் சொல்லி மாளாது. ஒருத்திக்காக ஓடி ஓடி உழைக்கிறோம், அவள் உள்ளே போய் வெந்நீரை ஊற்றிக்கொண்டு வந்து, ஐம்பது செய்தேன் என்று முகத்துக்கு நேராகப் பொய் சொல்கிறாள். வாய் பொய் சொல்லும், வயிறு பொய் சொல்லுமா?

ஒரு நாள் கேட்டேவிட்டேன். "உண்மையச் சொல்லு. செய்றியா, செய்யலியா?"

"செய்றேன்க்கா."

"அப்ப ஏன் எறங்கல?"

அவள் என்னையே பார்த்தாள். "அது எனக்கு எப்படித் தெரியும்?" என்றாள். நான் அதைத் திமிர் என்று எடுத்துக்கொண்டேன்.

தவணை முடிந்த நாள் காலையில், வேலைக்கு ஆள் எண்ணுகிற பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிட்டு முடித்த கங்காணி, எல்லார் முன்னாலும் என்னைப் பார்த்து, என்ன நாகரத்தினம், ஒரு மாசம் ஆச்சே என்றார். பனி இறங்கி ஆள் முகம் ஆளுக்குத் தெரியாத காலை. எட்டுப் பேர் கும்பல், பக்கத்தில் மருந்து கும்பல், தொழிற்சாலைக்குப் போகிற ஆண்கள், எல்லாரும் நிற்கிறார்கள். இரண்டு பேர் சிரித்தார்கள். என் மானம் போகிறதே என்ற ஆத்திரம்தான் எனக்கு முன்னால் நின்றது.

"நான் என்ன செய்ய முடியும் கங்காணி? பயிற்சி சொல்லிக் குடுத்தேன். அவ செஞ்சாத்தானே? சுத்தச் சோம்பேறி."

சீதா எனக்கு ரெண்டு ஆள் தள்ளித்தான் நின்றிருந்தாள். கூடையைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு மருந்து கும்பல் பக்கம் போய் நின்றாள். யாரும் சொல்வதற்கு முன்னால் அவளாகவே போனாள். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். என் வாயால் கெட்டது சீதா.

நாலாவது நாள் மத்தியானம் மருந்து கும்பலிலிருந்து ஆள் ஓடி வந்தது. பம்பைத் தூக்கிக்கொண்டு எழுந்த சீதா அப்படியே உட்கார்ந்துவிட்டாள், எழ முடியவில்லை என்று. போய்ப் பார்த்தேன். தொப்புள் எலுமிச்சம்பழ அளவுக்கு வெளியே வந்திருந்தது. கையை வைக்கவிடாமல் வயிற்றைப் பொத்திக்கொண்டு கிடந்தாள். தோட்டத்து லோரியில் ஏற்றித் தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பிள்ளையை இராசம்மாவிடம் விட்டுவிட்டு நான் கூடப் போனேன். வழியெல்லாம் பயமாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது. சொன்னபடி செய்திருந்தால் இந்தக் கதி வருமா என்று லோரியிலேயே ஒரு தரம் கேட்டுவிட்டேன். பாவி நான், கேட்டேன்.

டாக்டர் பார்த்து, தொப்புளை மெல்ல உள்ளே அமுக்கி, உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் குடல் இறக்கத்தின் ஆரம்பம், இனி பாரம் தூக்கவே கூடாது என்றார். பிறகு தாய் சேய்ப் பிரிவுக்கு அனுப்பினார். அங்கே ரீட்டா என்று ஒரு நர்ஸ், மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவோம். எங்களைப் போல் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள்தான். ஈப்போவில் உடற்பயிற்சி வைத்தியப் பிரிவில் இரண்டு வருடம் இருந்துவிட்டு வந்திருந்தாள். சீதாவைக் கட்டிலில் படுக்கவைத்து, முழங்காலை மடக்கச் சொல்லி, தலையை மட்டும் கொஞ்சம் தூக்கு என்றாள். தூக்கினதும் அந்த மேடு புடைத்து வந்தது. நான் சதை என்று கொண்டாடின மேடு. மிஸ்ஸி அதன் நடுவில் விரலை வைத்தாள். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. நாலு விரலும் அகலவாட்டில் உள்ளே இறங்கின. அந்த இடத்தில் சதையே இல்லை.

பிள்ளை வளர வளர வயிற்றின் இரண்டு பக்கத்துச் சதையும் நடுவில் பிரிந்து வழிவிடும், நிறையப் பேருக்குத் தானாகச் சேர்ந்துவிடும், சிலருக்குச் சேராது என்று மிஸ்ஸி விளக்கினாள். சேராதவர்கள் படுத்துக்கொண்டு முழுசாக எழுகிற பயிற்சி செய்தால், உள்ளே இருப்பதெல்லாம் அந்த வழியாக முட்டும், பிரிவு இன்னும் அகலும். இழுத்துக் கட்டுகிற கட்டும் அப்படித்தான், மேலே நெருக்கினால் கீழே அழுத்தும். சொல்லிக்கொண்டே சீதாவை ஒருக்களித்துப் படுக்கச் சொல்லி, முதுகைப் பார்ப்பதற்காகத் துணியை இறக்கினாள்.

முதுகுத்தண்டு முடிகிற இடத்தில் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் உரிந்து, காய்ந்து, பொருக்கு கட்டி, அதன் மேலேயே மறுபடி உரிந்திருந்தது. ஓரத்தில் இன்னும் ஈரம் இருந்தது.

"இது என்ன?" என்றாள் மிஸ்ஸி.

சீதா சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "சிமெண்டுத் தரையில படுத்து எந்திரிக்கிறது மிஸ்ஸி. தேய்ஞ்சிருச்சு."

"ஒரு நாளைக்கு எத்தன தடவ?"

"அம்பது. இந்தப் பத்து நாளா எழுபது. எறங்கலேன்னு கூட்டுனேன்."

தினம் செய்திருக்கிறாள். புண்ணின் மேல் புண்ணாகச் செய்திருக்கிறாள். நான் வெளியே நின்று காது கொடுத்த அன்றைக்கும், சத்தம் கேட்டு மாமியார் வந்துவிடக் கூடாதென்று வாளியில் குழாயைத் திறந்துவிட்டுவிட்டு உள்ளே எழுந்து எழுந்து படுத்திருக்கிறாள்.

"யார் ஒனக்கு இத சொல்லிக் குடுத்தது?" மிஸ்ஸியின் குரலில் கோபம் இருந்தது.

சீதா திரும்பவில்லை. "யாருமில்ல மிஸ்ஸி. டிவியில பாத்தேன்."

நான் அந்த அறையில் கட்டிலுக்கு ஓரடி தள்ளி நின்றுகொண்டிருந்தேன். வாயைத் திறந்தால் போதும். எதற்கெடுத்தாலும் திறக்கிற வாய்க்கு அன்றைக்குப் பூட்டுப் போட்டது யார் என்று தெரியவில்லை. மிஸ்ஸி தலையை ஆட்டிவிட்டு, சரியான பயிற்சியைச் சொல்லிக் கொடுக்கத் தொடங்கினாள்.

அவள் சொல்லிக் கொடுத்த பயிற்சியைப் பார்த்தால், இதுவா பயிற்சி என்று நானே முன்பு சிரித்திருப்பேன். மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கு. மூச்சை இழு. மெதுவாக மூச்சை விடும்போது அடிவயிற்றை மட்டும் முதுகுப் பக்கம் உள்வாங்கு. மூன்று எண்ணுகிற வரை பிடி, மூச்சை அடக்காதே, பிறகு விடு. அவ்வளவுதான். வெளியே பார்க்கிறவர்களுக்கு ஒருத்தி சும்மா படுத்திருக்கிற மாதிரி இருக்கும். நடுவில் மேடு புடைத்தால் நிறுத்திவிட வேண்டும். படுக்கையிலிருந்து நேராக எழவே கூடாது, ஒருக்களித்துக் கையை ஊன்றித்தான் எழ வேண்டும். பாரம் தூக்கக் கூடாது. இப்படிப் பல மாதம் செய்தால் பிரிவு குறையலாம், தொப்புளுக்கு மட்டும் பின்னால் ஆப்பரேஷன் தேவைப்படலாம் என்றாள். டாக்டர் மூன்று மாதத்துக்கு இலேசான வேலை தரும்படி கடிதம் எழுதிக் கொடுத்தார்.

பஸ்ஸில் இருவரும் ஒரே இருக்கையில் உட்கார்ந்து வந்தோம். பாதி வழி வந்தாயிற்று. பிறகு, ஏன் என் பேரைச் சொல்லவில்லை என்று கேட்டேன். கேட்டதிலும் ஒரு சூடு இருந்தது. அவள் என்னைக் காப்பாற்றிவிட்டாளே என்று அதற்கும் எனக்குக் கோபம்.

"சொல்லி என்னக்கா ஆவப்போவுது? தெரியாமத்தானே சொன்னீங்க. அத நான் தப்புன்னு சொல்லல." மடியில் இருந்த கடிதத்தை மடித்தாள். "ஒரு மாசத்துக்கு மேல செஞ்சேன் செஞ்சேன்னு சொன்னேன். ஒரு நாளாவது நம்புனீங்களா? அத்தன பேருக்கு நடுவுல சோம்பேறின்னீங்களே. அதத்தான் தாங்க முடியல."

அழுகை வந்தது. பஸ்ஸில் ஆட்கள் இருந்தார்கள். இருந்தும் அழுதேன்.

மறுநாள் பெரட்டுக் களத்துக்கு எல்லாருக்கும் முன்னால் போய் நின்றேன். சீதாவும் கடிதத்தோடு வந்திருந்தாள். பேர் கூப்பிட்டு முடிந்ததும், கங்காணி, நான் ஒரு வார்த்தை பேச வேண்டும் என்றேன். சீதா சோம்பேறி இல்லை, தினம் செய்திருக்கிறாள், நான் சொல்லிக் கொடுத்ததுதான் தப்பு, அவள் உடம்பைக் கெடுத்தது நான் என்று ஒன்று விடாமல் சொன்னேன். மனசுக்குள் ஒத்திகை பார்த்து வந்ததால் குரல் நடுங்கவில்லை.

எல்லாரும் கேட்டார்கள். கங்காணி கடிதத்தைப் படித்து மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

"சரி சரி. கூட்டாளிய விட்டுக் குடுக்க மாட்டேங்கிற. ஒனக்கு ரொம்ப நல்ல மனசு லா, நாகரத்தினம்."

நல்ல மனசு இல்லை, இதுதான் நடந்தது என்றேன். பக்கத்தில் நின்றவள் என் முதுகைத் தடவிக் கொடுத்தாள். சீதா மிச்சம் வைத்ததையெல்லாம் ஒரு மாதம் வெட்டினவள், இன்றைக்குப் பழியையும் தூக்கிக்கொள்கிறாளே என்று ஒரு குரல் பின்னால் கேட்டது. நான் கத்தினேன். கத்தக் கத்த நான் அவர்கள் கண்ணில் உத்தமியாகிக்கொண்டே போனேன். என் கையில் சாட்சி இல்லாமல் இல்லை. ஆனால் ஒரு பெண்ணின் முதுகுக்குக் கீழே இருக்கிற புண்ணை நாற்பது ஆண்கள் நிற்கிற களத்தில் எப்படிச் சொல்வது? "அவ முதுகுல..." என்று தொடங்கினேன். சீதா என்னைப் பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டேன்.

அவளை நாற்றுப் பண்ணையில் பைகளுக்குத் தண்ணீர் தெளிக்கிற வேலைக்கு அனுப்பினார்கள். மருந்துக்குப் போக வேண்டியதில்லை, அந்த மட்டும் நிம்மதி. எங்கள் கும்பலில் அவள் வரிசைக்கு வேறொருத்தி வந்துவிட்டாள். லயத்திலும் பேச்சு அடங்கவில்லை. டாக்டர் கடிதம் வாங்கத் தெரிந்த கெட்டிக்காரி என்றார்கள். மாலையில் அவள் பாயில் மல்லாந்து முழங்காலை மடக்கி மூச்சு விட்டுக்கொண்டிருப்பதை வாசல் வழியாகப் பார்க்கிறவர்கள், பார், வெளிச்சம் இருக்கும்போதே படுத்தாயிற்று என்றார்கள். இராசம்மாகூட, டாக்டர் என்னமோ சும்மா படுத்துக் கிடக்கச் சொல்லியிருக்கிறாராம் என்று குழாயடியில் சொல்லிச் சிரித்தாள். வீடு வீடாகப் போய் விளக்கினேன். கேட்டுக்கொண்டு, காப்பி கொடுத்து, உன்னைப் போல் ஒரு சிநேகிதி கிடைக்க அவள் புண்ணியம் செய்திருக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். பொய்யை ஒரே ஒரு தரம் சொன்னேன், அத்தனை பேரும் நம்பினார்கள். உண்மையை எத்தனை தரம் சொல்வது?

சீதா செய்துகொண்டுதான் இருந்தாள். இரண்டு மாதத்தில் நாலு விரல் மூன்றாகக் குறைந்தது. மிஸ்ஸி அளந்து பார்த்ததைச் சீதா வந்து என்னிடம் மட்டும் சொன்னாள். அதற்கு மேல் என்னிடம் அதிகம் பேசுவதில்லை.

ஆடி மாதம் பிறந்து ஒரு வாரம் இருக்கும். கங்காணியின் மனைவி அம்சவல்லி ஒரு சாயங்காலம் என் வீட்டுக்கு வந்தாள். பின்னால் அவள் மருமகள் சாரதா, கம்பளியைப் போர்த்திக்கொண்டு. சாரதாவுக்குத் தலைச்சன் பிள்ளை பிறந்து ஒரு மாதம் முடிந்திருந்தது. வயிற்றில் இறுக்கிக் கட்டின கட்டு கம்பளிக்கு மேலேயே தெரிந்தது.

"நாகு, இவளுக்கும் ஒன் பயிற்சியச் சொல்லிக் குடு. எந்திரிச்சு எந்திரிச்சுப் படுக்கிறதாமே. இவ அந்த சீதா மாதிரி இல்ல, சொன்னா செய்வா."

நான் சாரதாவை உட்காரவைத்தேன். அந்தப் பயிற்சி தப்பு, யாரும் செய்யக் கூடாது, அதைச் சொல்லித்தான் நான் ஒருத்தியைக் கெடுத்தேன், முதலில் கட்டைத் தளர்த்து என்றேன். அம்சவல்லி கையை ஆட்டினாள். எல்லாம் கேள்விப்பட்டேன், நீ அப்படித்தான் சொல்வாய் என்று எங்க வீட்டுக்காரர் சொல்லியனுப்பினார் என்றாள்.

பொறுமையை இழுத்துப் பிடித்துக்கொண்டு, வயிறு பிரிந்திருக்கிறதா என்று பார்க்கவும், எதைச் செய்யலாம் எதைச் செய்யக் கூடாது என்று சொல்லவும் இந்த லயத்தில் தெரிந்தவள் ஒருத்திதான், மிஸ்ஸியிடம் போகிறவரைக்கும் சீதாவிடம் போய்க் கேளுங்கள் என்றேன்.

அம்சவல்லிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அந்தச் சோம்பேறிகிட்டயா? அவளுக்கு என்ன தெரியும்? ஒரு நாளாவது செஞ்சிருப்பாளா அவ?"

சுவருக்கு அந்தப் பக்கம்தான் சீதாவின் வீடு. எங்கள் லயத்தில் ஒரு வீட்டில் தும்மினால் அடுத்த வீட்டில் கேட்கும். அந்த நேரத்தில் அவள் பாயில் படுத்து மூச்சை விட்டு வயிற்றை உள்வாங்கிக்கொண்டிருப்பாள் என்று எனக்குத் தெரியும். சோம்பேறி என்ற அந்த வார்த்தையை இந்தத் தோட்டத்துக்குக் கொடுத்தவளே நான்தான்.

நான் சாரதாவின் கையைப் பிடித்து எழுப்பி, நேராக எழாதே, ஒரு கையை ஊன்றி மெல்ல எழு என்று சொல்லி, பக்கத்து வீட்டுக்கு அழைத்துப் போனேன்.